"சாப்பாடு இறங்குதா?" என்று கேட்டுவிட்டு நகராதீர்கள்

எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது) பக்கம் புதிதாக வரும் டாக்டர்கள் எழுதும் சீட்டைப் பார்த்தால், என் பழைய சீட்டே திரும்பி வந்தது போல இருக்கிறது. புகையிலை, குடி பற்றி விசாரியுங்கள் என்றெல்லாம் பாடம் எடுக்கப்போவதில்லை. உணவுக்குழாய்ப் புற்றுநோயைக் கோட்டைவிட வைக்கும் நான்கு தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

மாசாமாசம் கேஸ் மாத்திரை

வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுக்கு அரசுப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. உணவுக்குழாய்க்கு இல்லை. ஓ.பி.யில் நாம் கேட்கும் கேள்வியை விட்டால் வேறு வழியில்லை.

என் ஆரம்ப காலத்தில் ஒரு லாரி டிரைவர் வந்தார். "நெஞ்சுல அடைக்குது சார்." சாப்பாடு இறங்குதா என்றேன். "இறங்குது." அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை எழுதினேன். அடுத்த மாதம் "பரவாயில்லை" என்றார். சரி என்று மறுபடியும் அதையே எழுதினேன். மூன்றாம் முறை மனைவியும் கூட வந்தார். "பரோட்டாவை விட்டு ஆறு மாசமாச்சு. இட்லியையே சாம்பார்ல ஊறப்போட்டு, வாய்க்கு வாய் தண்ணி குடிச்சுத்தான் முழுங்குறாரு." அன்று எண்டோஸ்கோபி செய்தபோது குழாய் கட்டியைத் தாண்டவே இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை. உணவுக்குழாய் விரிந்துகொடுக்கும், கட்டி நன்றாக வளர்ந்து வழியைக் குறுக்கிய பிறகுதான் அடைப்பு தெரியும். அதற்குள் ஆள் கஞ்சிக்கும் ரசம் சாதத்துக்கும் பழகிவிடுவார். மாத்திரை எரிச்சலை அடக்கும், சில சமயம் கட்டியின் மேற்புண்ணையும் ஆற்றி நம்மையே ஏமாற்றும். "தண்ணீர் இல்லாமல் கடைசியாக இட்லி சாப்பிட்டது எப்போது?" என்று கேளுங்கள். பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். வீட்டுக்காரம்மாவை வெளியே உட்கார வைக்காதீர்கள். போன வாரம்கூட மூன்று மாத மாத்திரையோடு ஒருவர் வந்தார். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

சீட்டை நீட்டி அனுப்புவது

குழாய் என்றதும் மூச்சு முட்டும் என்று பயந்து பலர் திரும்பி வருவதில்லை. மூச்சுக்கு வழி வேறு, தொண்டை மரத்துப்போக ஸ்ப்ரே உண்டு, சில நிமிட வேலை. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். தினக்கூலிக்காரர் என்றால் எந்த நாள் தோது என்றும் கேளுங்கள்.

குழாயை அவசரமாக உருவுவது

எச்சிலையும் நுரையையும் கழுவிவிட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால், அயோடின் அலர்ஜி, தைராய்டு உண்டா என்று முன்பே கேட்டுவிட்டு லூகால் அயோடின் என்ற சாயத்தை உணவுக்குழாயின் உள்பக்கம் தெளியுங்கள். நல்ல இடம் பழுப்பேறும், கெட்ட இடம் வெளிறி நிற்கும்.

வாய்ப்புற்றுக்காரரை வாயோடு விடுவது

அதே புகையிலைச் சாறுதான் கீழேயும் இறங்கியிருக்கிறது. விழுங்குவதில் சிரமம் வரும்வரை காத்திருக்காமல் குழாய் விட்டுப் பாருங்கள்.