புளோரன்ஸுக்கு நண்பர்களோடு போகிறீர்களா? காரை வெளியே விடுங்கள்

கோடை விடுமுறை நெருங்கினால் தெரிந்தவர்கள் யாராவது தங்கள் இத்தாலித் திட்டத்தை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். நண்பர்கள் ஐந்தாறு பேர், ரோமில் இறங்கி வாடகைக் கார், அப்புறம் புளோரன்ஸ், சியனா, பைசா. எங்கள் கூட்டம் ஆரம்பத்தில் போட்ட அதே திட்டம், அதே ஓட்டைகளோடு. பர்ஸைப் பத்திரமாக வையுங்கள், நல்ல ஷூ போடுங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன். கூட்டமாகப் போகிறவர்கள் புளோரன்ஸில் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

காரோடு பழைய நகருக்குள் நுழைவது

புளோரன்ஸின் பழைய நகர்ப்பகுதி கிட்டத்தட்ட முழுவதுமே ‘இசட்டிஎல்’. அனுமதி உள்ள வண்டிகள் மட்டும் போகலாம். குறுக்குக் கட்டை இருக்காது, போலீஸ்காரரும் நிற்க மாட்டார். சிவப்பு விளிம்பு போட்ட வெள்ளை வட்டப் பலகை ஒன்று, பக்கத்தில் கேமரா, அவ்வளவுதான். கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள்ளும். யாரும் கைகாட்டி நிறுத்தாததால், மாட்டிக்கொண்டதே நமக்குத் தெரியாது.

எங்களில் ஒருவன் தன் பெயரில் கார் எடுத்திருந்தான். பெட்டிகளை ஓட்டல் வாசலில் இறக்கிவிட்டுக் காரை வெளியே கொண்டுபோய் நிறுத்தலாம் என்பது யோசனை. கல் பாவிய தெருவில் ஆளுக்கொரு பெட்டியை உருட்டிக்கொண்டு போக யாருக்குத்தான் ஆசை? மேப் சொன்ன வழியில் போனான். ஒருவழிப் பாதையில் ஓட்டலைத் தாண்டிவிட்டு, ஆர்னோ ஆற்றங்கரைக்கு வந்து, சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே நுழைந்தான். அப்புறம் இன்னொரு தடவை. பின்சீட்டிலிருந்து ‘அடுத்த லெஃப்ட், அடுத்த லெஃப்ட்’ என்று கத்தியது நாங்கள்தான். ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனி அபராதம் என்பது அந்த நேரம் காரில் ஒருவருக்கும் தெரியாது.

ஊர் திரும்பி எல்லாம் மறந்துபோன சமயத்தில் கார் கம்பெனி அவனுடைய கிரெடிட் கார்டில் பணம் எடுத்தது. இதுதான் அபராதம் போலிருக்கிறது என்று ஆளாளுக்குப் பங்கு அனுப்பினோம். ஆனால் அது அபராதமே இல்லை. ஓட்டியவரின் விலாசத்தை அதிகாரிகளுக்குக் கொடுத்ததற்காகக் கம்பெனி வாங்கும் கட்டணம். நிஜமான அபராதம் பின்னால் தபாலில் வந்தது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் வரை அவகாசம் தருவதால், ‘இவ்வளவு நாளாக வரவில்லையே, தப்பித்தோம்’ என்று நினைப்பதில் அர்த்தமில்லை. ஒரு நுழைவுக்கு 80 யூரோவுக்கு மேல், தபால் செலவு தனி. நோட்டீஸ் கைக்கு வந்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும். 60 நாள் தாண்டினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

இதை எழுதும்போதும் எரிச்சல் வருகிறது என்றால் பணத்துக்காக இல்லை. இரண்டாவது முறை பங்கு கேட்டபோது வாட்ஸ்அப் குரூப்பில் நடந்த கூத்துக்காக. ‘ஓட்டினது நீதானே, போர்டைப் பார்க்க வேண்டாமா?’ என்று ஒருவன். ‘நான் ரயில்லயே போகலாம்னு சொன்னேன்’ என்று இன்னொருவன். அப்படி அவன் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. காரில் எல்லோரும் உட்கார்ந்து போனோம், அபராதம் மட்டும் ஒருவன் பெயரில். வாடகைக் கார் எடுத்தே ஆக வேண்டும் என்றால், பின்னால் வரும் எந்தச் செலவும் எல்லோருக்கும் பொது என்று கிளம்பும் முன்பே குரூப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ரோமிலிருந்து புளோரன்ஸுக்குக் கார் எதற்கு? விரைவு ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். சான்டா மரியா நோவெல்லா ஸ்டேஷன் பழைய நகரின் ஓரத்திலேயே இருக்கிறது, கதீட்ரலுக்கு நடந்தே போய்விடலாம். டஸ்கனி கிராமங்களைச் சுற்றக் கார் வேண்டும் என்றால், ஏ1 நெடுஞ்சாலையிலிருந்து நேராக நுழையக்கூடிய வில்லா கொஸ்தான்சா பார்க்கிங்கில் விட்டுவிட்டு டி1 டிராமில் ஊருக்குள் வாருங்கள். ஓட்டல் இசட்டிஎல்லுக்குள் இருந்தால் உங்கள் நம்பர் பிளேட்டைப் பதிவு செய்து தருவார்களா என்று முன்பே கேளுங்கள். வாடகை வீடு என்றால் இரண்டு முறை கேளுங்கள். சியனா, பைசாவிலும் இதே கேமராக் கதைதான்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் போவது

இந்திய லைசென்ஸ் மட்டும் போதாது. ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

குவிமாடத்தில் எல்லோரையும் ஏற்றுவது

கதீட்ரலின் மேல் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி 1420 முதல் 1436 வரை கட்டிய குவிமாடம். 463 படிகள், லிஃப்ட் கிடையாது. ஒன்றுக்குள் ஒன்றாக உள்ள இரண்டு செங்கல் ஓடுகளுக்கு நடுவே குறுகலான படிக்கட்டு போகிறது. நேரம் குறித்த டிக்கெட் வேண்டும், அந்த நேரம் போனால் போனதுதான். நண்பர்கள் வற்புறுத்தி ஏற்றிவிட்ட ஆள் பாதியில் மூச்சுத் திணறி நிற்பதை அங்கே பார்க்கலாம். பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டு வரும்போது திரும்பி இறங்குவது லேசில்லை. இதய நோய், தலைசுற்றல், அடைந்த இடத்தில் பயம் உள்ளவர்கள் கீழேயே இருக்கட்டும். மற்றவர்கள் கட்டாயம் ஏறுங்கள், உள்கூரையில் வரைந்திருக்கும் இறுதித் தீர்ப்பு ஓவியத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

என்னைக் கேட்டால் பக்கத்து மணிக்கோபுரமே மேல். 414 படிகள் ஏறினால் குவிமாடம் முழுசாக எதிரே நிற்கும். குவிமாடத்தின் மேல் நின்றால் அதைத் தவிர மற்றதெல்லாம் தெரியும்.

மியூசியத்துக்குத் திங்கட்கிழமை

உஃபிட்ஸி மூடியிருக்கும். டேவிட் சிலை இருக்கும் அக்கதேமியாவும் அப்படியே.

மாத முதல் ஞாயிறு

இந்த மியூசியங்களில் அனுமதி இலவசம். கூட்டமும் அதற்கேற்றபடி.

மாலை நாலு மணிக்குச் சாப்பாடு தேடுவது

மதியம் இரண்டரை, மூன்றுக்கு நல்ல கடைகளில் அடுப்பை அணைத்தால் ஏழு, ஏழரைக்குத்தான் மறுபடி. நடுவில் திறந்திருப்பவை பெரும்பாலும் பயணிகளைக் குறிவைத்த கடைகள். கூட்டத்தில் சைவம் இருந்தால் தக்காளியும் ரொட்டியும் குழைத்த ‘பாப்பா அல் பொமொதோரோ’ கேளுங்கள், இறைச்சிச் சாறு சேர்த்தார்களா என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு. டஸ்கனி ரொட்டியில் உப்பு இருக்காது, கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். புகழ்பெற்ற புளோரன்ஸ் ஸ்டீக்குக்கு எடை பார்த்து விலை. மெனுவில் உள்ள எண்ணைத் தட்டின் விலை என்று நினைத்து ஆளுக்கொன்று ஆர்டர் செய்தால் பில் வரும்போது மேசை அமைதியாகிவிடும். ஒரு ஸ்டீக்கே ஒரு கிலோவைத் தாண்டும், இரண்டு மூன்று பேருக்குத் தாராளம்.

கதவு எண்ணை நம்பித் தேடுவது

தனித்தனியாகச் சுற்றிவிட்டு இரவு ஓர் உணவகத்தில் சந்திப்பதாக வைத்துக்கொள்வோம். புளோரன்ஸில் ஒரே தெருவில் வீடுகளுக்கு ஒரு எண் வரிசை, கடைகளுக்குச் சிவப்பில் இன்னொரு வரிசை என்பது பழைய வழக்கம், இன்னும் பல தெருக்களில் பார்க்கலாம். சிவப்பு 12-ம் வீட்டு 12-ம் தெருவின் இரு முனைகளில்கூட இருக்கலாம். எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஆர்’ எழுத்து இருந்தால் சிவப்பு வரிசை. குரூப்பில் விலாசம் அனுப்பும்போது அந்த எழுத்தை விட்டுவிடாதீர்கள், கடையின் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.