பெயர் மாறிய மென்பொருள்: வாங்குவோர் செய்யும் தவறுகள்

பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா, லெபோ அம்பாங் என்று கோலாலம்பூரில் தமிழர் வணிகம் நடக்கும் தெருக்களில் கணக்கு எழுதுபவர்களுக்கு யூபிஎஸ் என்ற பெயர் பழக்கமானது. மலேசியாவில் பிறந்த கணக்கு மென்பொருள் அது. பிரிட்டனின் சேஜ் நிறுவனம் வாங்கியபின் சேஜ் யூபிஎஸ் ஆனது. 2021இல் சேஜ் தன் ஆசிய வணிகத்தை அக்சஸ் குழுமத்துக்கு விற்றதும் அக்சஸ் யூபிஎஸ் ஆனது. கிராணிகளின் (அலுவலக எழுத்தர்களின்) வாயில் இன்றும் அது யூபிஎஸ்தான். பேச்சுக்கு அது போதும். சந்தாவைப் புதுப்பிக்கும் தாளில் கையெழுத்திடுவதற்குப் போதாது. யாரிடம் வாங்குகிறோம், பழுது பார்க்கும் பொறுப்பு யாருடையது, நம்மிடம் உள்ள பதிப்புக்கு ஆதரவு உண்டா என்பதெல்லாம் இப்போது வேறு ஒரு நிறுவனத்தின் நிபந்தனைகளில் இருக்கிறது.

பெயர் மாறிய செய்தி வந்ததும் சிலர் “பலகைதானே மாறியிருக்கிறது” என்று அஞ்சலைப் படிக்காமலேயே விடுகிறார்கள். சிலர் பயந்துபோய் முகவர் நீட்டுவதையெல்லாம் வாங்குகிறார்கள். பெயர் மாற்றம் எல்லாம் ஒரே வகை என்று எண்ணுவதுதான் இரண்டுக்கும் காரணம்.

உண்மையிலேயே பலகை மட்டும் மாறுவதும் உண்டு. அலுவலகக் கணக்குகளில் யார் உள்நுழையலாம் என்று பார்க்கும் சேவையான அஷூர் ஆக்டிவ் டைரக்டரி 2023இல் மைக்ரோசாப்ட் என்ட்ரா ஐடி ஆனபோது விலை, உரிமம், உள்நுழையும் முறை எதுவும் மாறாது என்று மைக்ரோசாப்ட்டே அறிவித்தது. அதற்கு ‘இடமாற்றக் கட்டணம்’ கேட்டு ஒருவர் வந்தால், தே தாரிக் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம். கூகுளின் அலுவலக மின்னஞ்சல், ஆவணத் தொகுப்பான ஜி சூட் 2020 அக்டோபரில் ஒர்க்ஸ்பேஸ் ஆனது அப்படியல்ல. திட்டங்களும் கூடவே மாறின. பிசினஸ் வகைத் திட்டங்களுக்கு 300 பேர் என்ற உச்சவரம்பு வந்தது; பழைய திட்டத்தில் சிலர் அனுபவித்த வரம்பற்ற சேமிப்பிடம் போயிற்று.

மிகுதியாகப் பணம் கரைவது, பெயரோடு உள்ளமைப்பும் மாறும் மூன்றாவது வகையில்தான். டென்மார்க்கில் பிறந்த வணிகக் கணக்கு மென்பொருளான நேவிஷனை மைக்ரோசாப்ட் 2002இல் வாங்கியது. பின்னர் அது டைனமிக்ஸ் நேவ் ஆகி, 2018இல் டைனமிக்ஸ் 365 பிசினஸ் சென்ட்ரல் ஆயிற்று. “நேவ்தான், பெயர் புதிது” என்று முகவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. பழைய நேவில் நமக்கு வேண்டிய மாற்றங்களை மூல நிரலுக்குள்ளேயே கைவைத்துச் செய்தார்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு விலை, விற்பனையாளர் கமிஷன், நாம் விரும்பிய வடிவில் பில் எல்லாம் அப்படி வந்தவைதாம். பிசினஸ் சென்ட்ரலின் கிளவுட் (இணையவழி) பதிப்பில் மூல நிரலைத் தொட முடியாது. எந்த மாற்றமும் தனி இணைப்பாக, வேறு மொழியில், புதிதாக எழுதப்பட வேண்டும். ஆகவே விலைப்புள்ளியில் ‘மேம்படுத்தல்’ என்று ஒரே வரியும் ஒரு தொகையும் இருந்தால் கையெழுத்திடாதீர்கள். எந்தெந்த மாற்றங்கள் மீண்டும் எழுதப்படும், எத்தனை ஆண்டுக் கணக்கு புதியதற்கு வரும், பழைய அறிக்கைகளை யார் செய்து தருவார் என்று வரிவரியாகக் கேளுங்கள். 2024 ஆகஸ்ட் 1 முதல் விற்றுமுதல் வாரியாகப் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மின் விலைப்பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தோடு இணைப்பது அந்தத் தொகைக்குள் அடங்குமா, தனிக் கட்டணமா? வாயால் சொன்ன “அதெல்லாம் வரும்” என்பதை ஓர் ஒப்பந்தத்திலும் பார்க்க முடியாது.

பெயர் அப்படியே இருந்து உள்ளே மாறுவதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒரே சர்வரில் பல கணினிகளை இயக்க உதவும் மென்பொருளைச் செய்யும் விஎம்வேரை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தி, எல்லாம் சந்தா என்றது. 2024இன் பிற்பகுதியில் மலேசியா உள்ளிட்ட சில நாடுகளில் மைக்ரோசாப்ட் 365 பெர்சனல், ஃபேமிலி திட்டங்களுக்குள் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர் சேர்க்கப்பட்டு விலையும் ஏறியது. கோபைலட் இல்லாத ‘கிளாசிக்’ திட்டம் இருப்பதைப் பழைய சந்தாதாரர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை என்று ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்கே தொடுத்தது. சிறு அலுவலகங்கள் பலவும் இந்தக் குடும்பத் திட்டத்தில்தான் ஓடுகின்றன. அது சரியா என்பது தனிக் கதை.

கோபைலட் என்ற பெயரிலேயே இன்னொரு குழப்பமும் உண்டு. முன்பு ஆபிஸ் செயலியாக இருந்து மைக்ரோசாப்ட் 365 என்று பெயர் மாறிய செயலி, 2025 ஜனவரியில் ‘மைக்ரோசாப்ட் 365 கோபைலட்’ செயலி ஆனது. ஒருவருக்கு மாதம் 30 டாலர் என்று 2023இல் விலை அறிவிக்கப்பட்ட உரிமத்துக்கும் அதே பெயர். திரையில் அந்தச் சின்னம் தெரிவதால் உரிமம் வாங்கியாயிற்று என்று பொருளில்லை. வாங்காமல் விட்டதால் வேர்டும் எக்ஸெலும் நின்றுவிடப் போவதுமில்லை.

இத்தகைய குழப்பம் மோசடிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ‘உங்கள் கணக்கு புதிய பெயருக்கு மாறுகிறது, இங்கே சொடுக்குங்கள்’ என்று வரும் இணைப்பைத் திறக்காமல், வழக்கமான நிர்வாகப் பக்கத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள்.

கடைசியாக, பெயரில் ‘கிளவுட்’ வந்துவிட்டதால் காப்புப் பிரதி தானாக இருக்கும் என்ற நம்பிக்கை. மைக்ரோசாப்ட் 365இல் ஷேர்பாயின்ட், ஒன்டிரைவ் கோப்புகளை அழித்தால் குப்பைத் தொட்டியில் பொதுவாக 93 நாட்கள் இருக்கும், பிறகு போய்விடும். மலேசிய வருமான வரிச் சட்டமோ வணிகப் பதிவேடுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. ஜனவரியில் கிராணி தவறுதலாக அழித்த பில் கோப்புறையைத் தணிக்கையாளர் ஜூனில் கேட்டால் எங்கிருந்து எடுப்பது? தனிக் காப்புச் சேவை ஒன்றை வாங்குங்கள். சந்தா முடிந்தபின் எத்தனை நாள் வரை, எந்த வடிவில் தரவைத் திருப்பித் தருவார்கள் என்பதையும் புதிய பெயரில் வரும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.