மகாதமனிக் கிழிசல்: வலி தொடங்கிய விதத்தை மறைக்காதீர்கள்

2005 டிசம்பர் 31. ஹூஸ்டனில் தன் வீட்டில் இருந்த 97 வயது மைக்கேல் டெபேக்கிக்கு மார்பிலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் திடீரென்று கடும் வலி. பிறகு கழுத்துக்கு ஏறியது. ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. வீட்டாரிடம் தசைப்பிடிப்பு என்று பொய் சொன்னார். கிழிந்திருந்ததோ மகாதமனி, இதயத்திலிருந்து உடலெங்கும் இரத்தத்தைக் கொண்டுபோகும் பெரிய குழாய். அதைச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சைக்கு 1950களில் வழி திறந்தவரே அவர்தான்! 2006 பிப்ரவரியில் அதே சிகிச்சை அவருக்கும் நடந்தது. 2008 வரை வாழ்ந்தார்.

நம் வீடுகளில் தசைப்பிடிப்புக்குப் பதில் வாயு. சோடாவும் ஓமத் தண்ணீருமாக நேரம் போய்விடுகிறது.

மகாதமனியின் சுவருக்கு மூன்று அடுக்குகள். உள்ளடுக்கு கிழிந்தால் இரத்தம் நடு அடுக்கில் புகுந்து, வாழைமட்டையைப் பிரிப்பதுபோல் சுவரைப் பிரித்துக்கொண்டே போகிறது. போகும் வழியில் கிளைக் குழாய்கள் அடைபட்டால் பக்கவாதம் வரலாம், கால் மரக்கலாம், வயிறு வலிக்கலாம். இதனால்தான் மருத்துவர்களும் தடுமாறுகிறார்கள்.

மாரடைப்பு வலி பெரும்பாலும் மெல்ல ஏறும். இதுவோ பலருக்கும் தொடங்கிய நொடியிலேயே உச்சத்தில் இருக்கும். எனவே "நெஞ்சு வலிக்கிறது" என்பதோடு நிறுத்திவிடுவதுதான், என் பார்வையில், நோயாளி செய்யும் பெரிய தவறு. எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது தொடங்கியது, எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று சொல்லுங்கள். குடும்பத்தில் யாராவது இப்படி இறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று வீடு திரும்புவது அடுத்த தவறு. அது இதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டும். குழாயின் சுவரைக் காட்டாது. மார்பு எக்ஸ்ரேயிலும் தப்பிவிடலாம். உறுதிசெய்வது பெரும்பாலும் இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஸ்கேனான சி.டி. ஆஞ்சியோகிராம்.

முதுகைக் கிழிப்பது போன்ற வலிக்கு, பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். மாரடைப்பில் உயிர் காக்கும் மருந்து, இங்கே கசிவைப் பெருக்கிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய தவறு, "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று பி.பி. மாத்திரையை நிறுத்துவது. நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். கட்டுப்படாத இரத்த அழுத்தமே இந்நோயின் முதன்மைக் காரணம்.

இதயத்தை ஒட்டிய ஏறுபகுதியில் கிழிந்தால் உடனடி அறுவை தேவை. சிகிச்சை இல்லாமல் கழியும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இறப்பு 1 முதல் 2 சதவீதம் கூடும் என்பது பாடநூல் கணக்கு. வயிற்றை நோக்கிப் போகும் இறங்குபகுதி என்றால் பலருக்கு மருந்தே போதும். சந்தேகம் இருந்தால் இரண்டு கைகளிலும் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 20 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது முக்கியமான தடயம். வித்தியாசம் இல்லை என்பதற்காக நோயும் இல்லை என்று ஆகிவிடாது.