ட்ரெய்லர் டயர் ஒருபக்கமாகத் தேய்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்காசிப் பக்கமிருந்து கேரளாவுக்குப் போகும் மலைப்பாதையில், புளியரை எஸ் வளைவில் ஏறி, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போய்த் திரும்பும் ட்ரெய்லர்களில் டயர் கோணலாகத் தேய்ந்தால், உரிமையாளர்கள் முதலில் திட்டுவது மலைப்பாதையைத்தான். பாதைக்கும் பங்கு உண்டு. மூன்று ஆக்சில் (சக்கர அச்சு) வண்டி குறுகிய வளைவில் திரும்பும்போது டயர்கள் உருள்வதோடு பக்கவாட்டிலும் இழுபடும். நடு ஆக்சிலைவிட முதலும் கடைசியும் கூடுதலாகத் தேயும். ஆனால் வளைவுகள் இரண்டு பக்கமும்தான் வருகின்றன. ஒரே ஒரு சக்கரம் மட்டும் மொட்டையாகிறது என்றால் கோளாறு வண்டியில் இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்கும் முன்பே டயரை இடம் மாற்றிப் போடுவதுதான் பெரிய தவறு. தடயமும் போய்விடும், மாற்றிப் போட்ட டயரும் தேயும். கழற்றுவதற்கு முன் எந்த ஆக்சில், எந்தப் பக்கம், உள் டயரா வெளி டயரா என்று சாக்பீஸால் டயர் மேலேயே எழுதிவிடுங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, அல்லது பாரம் அதிகம். ஜல்லி ஏற்றும் வண்டி என்றால் இரண்டில் எது என்பது உரிமையாளருக்கே தெரியும்.

ஓடி வந்த வண்டியில் காற்றை அளந்து, அதிகமாக இருக்கிறது என்று இறக்கிவிடுவது அடுத்த தவறு. சூட்டில் அழுத்தம் ஏறத்தான் செய்யும். காலையில் வண்டி எடுக்கும் முன் அளக்க வேண்டும். கட்டையால் தட்டிச் சத்தம் கேட்டு முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரட்டைச் சக்கரத்தில் உள் டயரில் காற்று இறங்கினால், அதன் பாரத்தையும் வெளி டயர் சத்தமில்லாமல் சுமந்துகொண்டிருக்கும்.

‘ஸ்டியரிங் இல்லாத வண்டிக்கு எதற்கு அலைன்மென்ட்?’ என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கமான் கட்டின் (பட்டை ஸ்பிரிங் அடுக்கின்) சென்டர் போல்ட் உடைந்தாலோ, அதை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட் தளர்ந்தாலோ, ஆக்சிலை நேராகப் பிடித்திருக்கும் டார்க் ராட்டின் ரப்பர் புஷ் தேய்ந்தாலோ ஆக்சில் திரும்பிவிடும். கம்பி ஏதும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு, டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவுங்கள். உள்ளிருந்து வெளியே வழுக்கிக்கொண்டு போய், திரும்பி வரும்போது பட்டன் (டயர் மேல் உள்ள ரப்பர் கட்டை) ஓரங்கள் ரம்பம்போல் கையைப் பிடித்தால், அல்லது அதற்கு நேர்மாறாக இருந்தால், ஆக்சில் கோணலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சமதளத்தில் நேராக நிறுத்தி, ட்ரெய்லரை இழுவை வண்டியோடு இணைக்கும் கிங் பின்னிலிருந்து முதல் ஆக்சிலின் இரு முனைகளுக்கும் டேப் பிடியுங்கள். சுமார் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். அடுத்து ஆக்சிலுக்கும் ஆக்சிலுக்கும் இடையே இரு பக்கமும் அளக்க வேண்டும். அங்கே இவ்வளவு வித்தியாசம்கூட ஆகாது.

இதை அப்படியே விட்டால் ட்ரெய்லர் ஒருபக்கம் தள்ளும். டிரைவர் ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பிப் பிடித்தபடியே ஓட்டுவார். கடைசியில் இழுவை வண்டியின் முன் டயர்களும் தேயும். உடனே முன்பக்கத்துக்கு மட்டும் அலைன்மென்ட் பார்த்துப் பணத்தைக் கரைக்கிறார்கள்.

பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். பேரிங் ஆட்டம் தெரியும். ஒரே இடத்தில் மட்டும் தட்டையாக இருந்தால் பிரேக் பிடித்துச் சக்கரம் பூட்டி இழுபட்டிருக்கிறது. புளியரைக்கு இறங்கி வந்து நிறுத்தியதும் ஒவ்வொரு பிரேக் ட்ரம்முக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், வெந்துவிடும். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் அதிகமாக அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் அட்ஜஸ்டரில் இருந்து தேடத் தொடங்கலாம்.