தரவுத்தளப் பணியில் முன்னேற: கேள்வியோடு பயிற்சிக்குப் போவது எப்படி

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலோ கோலாலம்பூரின் அலுவலகக் கோபுரம் ஒன்றிலோ தரவுத்தளத்தைக் கவனித்துக்கொள்ளும் நம் இளைஞர்கள் என்னைச் சந்திக்கும்போது முதலில் கேட்பது, எந்தச் சான்றிதழை எடுக்கலாம் என்பதுதான். உங்கள் சர்வரின் நேரத்தை இந்த வாரம் மிக அதிகமாகத் தின்ற குவெரி (தரவைக் கேட்டோ மாற்றியோ தரவுத்தளத்துக்கு விடுக்கும் கட்டளை) எது என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலோருக்கு அது தெரிவதில்லை. பணியில் சேர்ந்த முதல் நான்கு ஆண்டுகளில் எனக்கும் தெரியாது. அந்த நான்கு ஆண்டுகளில் மூன்று பயிற்சிகளுக்கும் ஒரு மாநாட்டுக்கும் போய் வந்தேன். கையில் மிஞ்சியவை சில கோப்புகளும் மாநாட்டில் கொடுத்த துணிப்பை ஒன்றும்தான். அந்தப் பையில் இப்போதும் காய்கறி வாங்கி வருகிறோம். நான் கற்றுக்கொள்ளாமல் போனதற்குப் பயிற்றுநர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேட்பதற்கு என்னிடம் ஒரு கேள்வியும் இல்லாமல் போனதே காரணம்.

ஆகவே முதல் வேலை, கேள்வியைக் கண்டுபிடிப்பது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் வைத்திருப்பவர்கள் 'பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்' என்னும் நீட்சியை இயக்கிவிட்டு ஒரு வாரம் காத்திருங்கள். மற்றத் தரவுத்தளங்களிலும் மெதுவாக ஓடும் குவெரிகளைப் பதிந்துவைக்கும் வசதி உண்டு. ஒரு வாரம் கழித்துப் பட்டியலை எடுக்கும்போது, ஒரு முறை ஓட எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் கொண்டு வரிசைப்படுத்தாமல், மொத்தமாக எவ்வளவு நேரத்தை எடுத்துக்கொண்டது என்பதைக் கொண்டு வரிசைப்படுத்துங்கள். மாதம் ஒரு முறை 3 நிமிடம் ஓடும் அறிக்கையைப் பற்றித்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். ஆனால் 40 மில்லிவினாடியில் முடிந்து, ஒரு நாளைக்கு 2,00,000 முறை ஓடும் சிறிய குவெரி ஒன்று தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சர்வரைப் பிடித்துவைத்திருக்கும், அதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அந்தக் குவெரியை 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' கட்டளையோடு ஓட்டிப் பாருங்கள். வெளிவரும் திட்டத்தில் (குவெரியைத் தரவுத்தளம் எப்படி ஓட்டுகிறது என்னும் விவரம் அது), இத்தனை வரிசைகள் வரும் என்று தரவுத்தளம் மதிப்பிட்ட எண்ணையும் உண்மையில் வந்த எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் நூறு மடங்கு விலகியிருந்தால் கேள்வி அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஓர் எச்சரிக்கை: இந்தக் கட்டளை குவெரியை உண்மையாகவே ஓட்டும். அழிக்கும் குவெரியையும் மாற்றும் குவெரியையும் சோதிப்பதானால் சோதனைச் சர்வரிலேயே, அதுவும் ஒரு பரிவர்த்தனைக்குள் (மொத்தமாக ஏற்கவோ ரத்துசெய்யவோ கூடிய கட்டளைத் தொகுதிக்குள்) வைத்து, முடிவில் ரத்துசெய்துவிடுங்கள். கண்டதை ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். 'தேதியையும் இயந்திர எண்ணையும் சேர்த்துத் தேடும்போது மட்டும் மதிப்பீடு ஏன் தவறுகிறது?' என்பதைப் போன்ற ஒரு வாக்கியம் போதும்.

பயிற்சியும் அதற்கான பணமும்

நம் நாட்டில் பலர் அறியாமல் விட்டுவிடும் வழி ஒன்று உண்டு. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள், சட்டத்தின் கீழ் வரும் துறைகளில், ஊழியர்களின் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டுக்கு இணையான தொகையை, பயிற்சி நிதியை நிர்வகிக்கும் எச்.ஆர்.டி. கார்ப்பிடம் செலுத்த வேண்டும். ஊழியரின் சம்பளத்திலிருந்து அதைப் பிடிக்கக் கூடாது. முதலாளிதான் கட்ட வேண்டும். ஆகவே, பயிற்சிக்கு அனுப்பும்படி கேட்பதைச் சலுகை கேட்பதாக எண்ணிக் கூச வேண்டியதில்லை, ஏற்கெனவே கட்டப்பட்ட பணத்தைப் பயன்படுத்தும்படிதான் கேட்கிறீர்கள். ஆனால் விண்ணப்பத்தை நிறுவனம்தான் செய்ய வேண்டும், அதுவும் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே. மனிதவளப் பிரிவுக்கு எழுதும் கடிதத்தில், 'என் அறிவை வளர்த்துக்கொள்ள' என்று எழுதினால் அது அடியில் போய்விடும். காலை ஷிப்ட் அறிக்கை 40 நிமிடம் எடுக்கிறது, இந்தப் பயிற்சியின் இரண்டாம் நாள் பாடம் அதைப் பற்றியது என்று எழுதினால் மேலாளரே அதை எடுத்துக்கொண்டு போவார்.

பினாங்கில் இருப்பவர்கள் 1989-இல் தொடங்கப்பட்ட பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தின் பயிற்சி அட்டவணையை அவ்வப்போது பார்ப்பது நல்லது. பணமே செலவழிக்காமல் ஆழமாகப் படிக்க விரும்புவோருக்கு, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆன்டி பாவ்லோ நடத்திய தரவுத்தளப் பாடத்தின் விரிவுரைகள் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. வட்டில் பக்கங்கள் எப்படி அடுக்கப்படுகின்றன, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸின் மரம் எப்படிப் பிளக்கிறது, சர்வர் விழுந்து எழுந்தபின் தரவு எப்படி மீள்கிறது என்று அடித்தளத்திலிருந்து சொல்லித்தரும் பாடம் அது. ஒரே மூச்சில் பத்து விரிவுரைகளைப் பார்க்காதீர்கள். வாரம் ஒன்றைப் பார்த்துவிட்டு, அதில் சொன்னது உங்கள் சர்வரில் எங்கே தெரிகிறது என்று தேடுங்கள்.

சான்றிதழைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. நேர்காணலுக்கு அழைக்கப்படுவதற்கு அது உதவும்; வேலையைச் செய்வதற்கு அவ்வளவாக உதவாது. மேலும் சான்றிதழ்த் தேர்வுகளுக்கு ஆயுள் குறைவு. மைக்ரோசாப்ட் தன் பழைய எம்.சி.எஸ்.ஏ. சான்றிதழ் வரிசையை 2021 ஜனவரியோடு நிறுத்தியது. அமேசானின் தரவுத்தளச் சிறப்புத் தேர்வு 2024 ஏப்ரலோடு முடிந்துபோனது. பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் போக விரும்பும் வேலைகளுக்கான விளம்பரங்களில் இருபதைப் படித்து, எந்தத் தரவுத்தளத்தின் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு சோதனைக்கூடம்

எந்தப் பயிற்சிக்குப் போனாலும் போகாவிட்டாலும், உடைத்துப் பார்க்கச் சொந்தத் தரவுத்தளம் ஒன்று வேண்டும். சாதாரண மடிக்கணினி போதும். தரவுத்தளங்களின் வேகத்தை ஒப்பிடும் டி.பி.சி.-எச். என்னும் அளவுகோலின் மிகச் சிறிய வழக்கமான அளவே ஏறக்குறைய 1 ஜிகாபைட் தரவைத் தரும். அதன் பெரிய டேபிளில் 60 லட்சம் வரிசைகளும், ஓட்டிப் பார்க்க 22 குவெரிகளும் இருக்கின்றன. ஓர் இண்டெக்ஸைச் சேர்த்தும் நீக்கியும், நினைவக அளவைக் குறைத்தும் கூட்டியும், ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்துவாருங்கள்.

நிறுவனத்தின் வாடிக்கையாளர் தரவை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2025 ஜூன் முதல், தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் வந்துவிட்டது. போலித் தரவை நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள். நம் நாட்டுத் தரவைப் போலியாக உருவாக்குவதே ஒரு பாடம். அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள், முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அது எண்தானே என்று நினைத்து எண் வகைப் பத்தியில் சேமித்தால், 2000-க்கும் 2009-க்கும் இடையில் பிறந்தவர்களுக்கு முன்னால் நிற்கும் சுழியம் மறைந்துபோகும். பணியின் தொடக்கத்தில் இந்தத் தவற்றை நானே செய்து, ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து திருத்தினேன். அடுத்து, தந்தை பெயருக்கு முன் வரும் 'அனாக் லெலாக்கி' (மகன்), 'அனாக் பெரம்புவான்' (மகள்) என்னும் மலாய்ச் சொற்களின் சாய்கோட்டுச் சுருக்கம். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பத்திகளை வகுத்த வெளிநாட்டு மென்பொருளுக்குள் நம்மவர் பெயர் எப்படியெல்லாம் சிதைகிறது என்பதை அதில் பார்க்கலாம். தமிழ் எழுத்தில் பெயரைச் சேமித்தால் இன்னொரு வியப்பும் உண்டு: கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் 'கோ' கணினிக்கு இரண்டு குறிகள், எழுத்துகளைச் சேமிக்கும் யு.டி.எஃப்.-8 முறையில் ஆறு பைட்டுகள். பத்து எழுத்துப் பெயருக்குப் பத்து இடம் போதாது.

சோதனைக்கூடத்தில் எல்லாவற்றையும்விட அவசியமானது பேக்கப்பிலிருந்து மீட்கும் ஒத்திகை. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணைச் சர்வர் என்று எண்ணி முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாததால் பேக்கப் எடுக்கப்படவே இல்லை. அது தோற்றுக்கொண்டிருப்பதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் வந்துசேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்துவைத்த நகல் இருந்ததால் தப்பினார்கள், நடுவில் இருந்த தரவு போனது போனதுதான். நடந்ததை அந்நிறுவனமே ஒளிக்காமல் வெளியிட்டது. அந்த அறிக்கையைப் படித்துவிட்டு, அதே தவற்றை உங்கள் மடிக்கணினியில் வேண்டுமென்றே செய்யுங்கள். பேக்கப் எடுங்கள், தரவுத்தளத்தை அழியுங்கள், மீட்டெடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை நிமிடத் தரவு போனது, மீண்டெழ எத்தனை நிமிடம் ஆனது என்னும் இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டு, வேலையிடத்தில் அந்த எண்கள் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வந்தால் உங்கள் நிறுவனம் நல்ல நிறுவனம்.

போட்டிகள்

போட்டியைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. லீட்கோடு, ஹேக்கர்ரேங்க் போன்ற பயிற்சித் தளங்களில் உள்ள எஸ்.க்யூ.எல். (குவெரி எழுதும் மொழி) கணக்குகள் நேர்காணலுக்கு உதவும்; அங்குள்ள டேபிள்கள் சிறியவை என்பதால் வேகத்தைப் பற்றி அவை ஒன்றும் கற்றுத்தருவதில்லை. டிசம்பர்தோறும் வரும் அட்வென்ட் ஆஃப் கோடு நிரலாக்கப் புதிர்களை எஸ்.க்யூ.எல்.-இலேயே தீர்ப்பது நல்ல பைத்தியக்காரத்தனம். தன்னைத்தானே அழைக்கும் குவெரியை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். மாணவராக இருந்தால் சிக்மாட் என்னும் தரவுத்தள ஆய்வு மாநாட்டை ஒட்டி நடக்கும் நிரலாக்கப் போட்டியைப் பாருங்கள். அது கடினம், பரிசு கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களின் விளக்கங்கள் ஒரு பருவப் பாடத்துக்கு ஈடாகும்.

எனக்கு மிகவும் பிடித்தது 2024 ஜனவரியில் குன்னர் மார்லிங் அறிவித்த நூறு கோடி வரிசைச் சவால். வானிலை நிலையங்களின் வெப்ப அளவுகள் நூறு கோடி வரிகளாக ஒரு கோப்பில் இருக்கும். ஒவ்வொரு நிலையத்துக்கும் மிகக் குறைந்த, சராசரி, மிக உயர்ந்த அளவைச் சொல்ல வேண்டும். ஜாவா மொழிக்கான போட்டி அது. எளிமையாக எழுதிய நிரலுக்கு ஏறத்தாழ ஐந்து நிமிடம் பிடித்தது, வென்றவரின் நிரல் இரண்டு வினாடிக்குள் முடித்தது. போட்டி முடிந்துவிட்டாலும் கோப்பை உருவாக்கும் நிரல் இன்னும் கிடைக்கிறது. அதை உங்கள் தரவுத்தளத்தில் ஏற்றிப் பாருங்கள். ஏற்றுவதற்கு ஒரு நேரமும் கணக்கிடுவதற்கு இன்னொரு நேரமும் ஆவதைக் காணும்போது, தரவுத்தளம் எதற்காகக் கூலி வாங்குகிறது என்பது விளங்கும்.

மாநாடுகள்

தரவுப் பொறியியலுக்கான ஐ.சி.டி.இ. மாநாடு 2022-இல் கோலாலம்பூரில் நடப்பதாக இருந்தது. பெருந்தொற்றால் இணையத்துக்குப் போய்விட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் ஆய்வு மாநாடுகளுக்கு நேரில் போவது கட்டாயமில்லை. வி.எல்.டி.பி. என்னும் தரவுத்தள ஆய்வு மாநாட்டின் கட்டுரைகள் அனைத்தும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; அவற்றில் தொழில்துறைப் பிரிவில் வருபவற்றை மட்டும் படித்தாலே ஓராண்டு ஓடிவிடும். நேரில் போவதற்கு உகந்தவை பைத்தான் மொழி நிரலாளர்களுக்கான பைகான் மலேசியா போன்ற, தொழிலில் இருப்பவர்கள் கூடும் இடங்கள். தமிழ்த் தரவோடு வேலை செய்பவர்கள் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தின் தமிழ் இணைய மாநாட்டையும் கவனிக்கலாம். 2001-இலும் 2013-இலும் அது கோலாலம்பூரில் நடந்தது.

பினாங்கிலிருந்து கோலாலம்பூர் மாநாடுகளுக்குப் போவோர் பட்டர்வொர்த்தில் ஏறும் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வரை நான்கு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நிகழ்ச்சி நிரலைப் படித்து, நீங்கள் எழுதிவைத்த கேள்வி வாக்கியத்தோடு தொடர்புடைய மூன்று உரைகளை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். மற்ற நேரத்தில் தேநீர் மேசையருகே நில்லுங்கள். நம்மில் பலர் உரை முடிந்ததும் பேச்சாளரிடம் போகத் தயங்கிப் பின்வரிசையிலேயே இருந்துவிடுகிறோம். ஆங்கிலம் சரளமாக வராதோ என்னும் அச்சமும் அதில் கலந்திருக்கிறது. குவெரித் திட்டத்தை ஒரு தாளில் அச்சிட்டு எடுத்துப்போனால் அந்தத் தயக்கத்தில் பாதி குறையும். 'இந்த வரியில் மதிப்பீடு 12, உண்மை 48,000. நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?' என்று கேட்டால் போதும், பேச்சாளரே தாளைப் பிடுங்கிக்கொள்வார்.

இரண்டாம் ஆண்டிலேயே ஐந்து நிமிடக் குறுஉரை ஒன்றுக்கு விண்ணப்பியுங்கள். சுருக்கத்தில் சிக்கல், நீங்கள் முயன்றவை, முன்னும் பின்னுமான நேரம், பலிக்காமல் போன ஒரு முயற்சி ஆகியவை இருந்தால் தேர்வுக் குழு அதைத் தள்ளாது. குறிப்பாகப் பலிக்காததைச் சொல்லும் உரைகள் அரிது. நிறுவனத்தின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள், டேபிள்களின் பெயரை மாற்றிவிடுங்கள். ஒத்திகையை ஒரு முறை தமிழில் செய்து பாருங்கள். இரண்டு பரிவர்த்தனைகள் ஒன்றையொன்று தடுத்து நிற்பதை, ஜார்ஜ்டவுனின் குறுகிய சந்தில் எதிரெதிரே வந்து நின்ற இரண்டு லாரிகளாக உங்கள் அம்மாவுக்கு விளக்க முடிந்தால், மேடையில் ஆங்கிலத்தில் தடுமாற மாட்டீர்கள். முடியவில்லையென்றால் குறை மொழியில் இல்லை, விஷயம்தான் இன்னும் பிடிபடவில்லை.

மாநாட்டிலிருந்து திரும்பி வந்த அந்த வாரத்துக்குள்ளேயே ஒரு பக்கம் எழுதி மேலாளருக்கு அனுப்பிவிட்டு, கேட்டுவந்ததில் ஒன்றைச் சோதனைச் சர்வரில் முயன்று பாருங்கள். ஒரு மாதம் விட்டால் துணிப்பைதான் மிஞ்சும். ஆண்டு மதிப்பீட்டுக்குப் போகும்போது சான்றிதழ்களின் நகலுக்கு மேலே அந்தப் பக்கத்தை வையுங்கள்: அறிக்கை முன்பு 40 நிமிடம், இப்போது இத்தனை நிமிடம், தேதி, உங்கள் கையெழுத்து.