நாள் தள்ளிப்போனது தெரியாமல் குடித்துவிட்டால் என்ன செய்வது?

டெஸ்டில் இரண்டு கோடு விழுந்ததும் சந்தோஷத்துக்கு முன்னால் சிலருக்கு வேறொரு நினைப்பு வந்து வயிற்றைக் கலக்கும். போன வாரம் ஏற்காட்டுக்குப் போனபோது குடித்தோமே, அப்போதே பிள்ளை தங்கியிருக்குமே? இதை மாமியாரிடம் கேட்க முடியாது. நர்சம்மாவிடம் கேட்டால் என்ன நினைப்பாரோ என்ற பயம் வேறு. அப்படியே விழுங்கிக்கொண்டு ஒன்பது மாதமும் தனியாகத் தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எஸ்டேட் லைன் வீட்டிலும் இருக்கிறார்கள், சேலம் ஃபேர்லேண்ட்ஸ் அபார்ட்மென்ட்டிலும் இருக்கிறார்கள், முதலில் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இன்றோடு நிறுத்துங்கள், முதல் வேலை அதுதான் (தினமும் குடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் வேறு வழி, அதைக் கீழே சொல்கிறேன்). "ஆனது ஆகிவிட்டது, இனி நிறுத்தி என்ன பிரயோஜனம்" என்று மட்டும் நினைக்காதீர்கள். இதயம், கை, கால் எல்லாம் முதல் மூன்று மாதத்துக்குள் உருவாகிவிடும். மூளை அப்படி இல்லை, பிரசவ நாள் வரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும், அதுவும் கடைசி மூன்று மாதத்தில் ரொம்ப வேகமாக வளரும். அதனால் எந்த மாதத்தில் நிறுத்தினாலும் அன்றிலிருந்து பிள்ளையின் மூளைக்கு நல்லதுதான். ஒரு தடவை குடித்ததாலேயே பிள்ளைக்குப் பாதிப்பு வந்தே தீரும் என்றும் கிடையாது. எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை தடவை, எந்த வாரத்தில், உடம்பில் சத்து எப்படி இருந்தது என்று பல விஷயம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும். பயந்துபோய் கலைத்துவிடலாம் என்று அவசரப்பட வேண்டாம்.

அடுத்தது மருத்துவரிடம் சொல்வது. கூட வந்தவர்கள் கொஞ்சம் வெளியே இருக்கட்டும் என்று நீங்களே கேட்டு வாங்கலாம். "நாள் தள்ளிப்போனது தெரியாம இத்தனை தடவை, இவ்வளவு குடிச்சேன் டாக்டர், அதுக்கப்புறம் தொடல" என்று நேராகச் சொல்லுங்கள், இது போதும். ஃபோலிக் அமில மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். ஐந்தாம் மாதத்து ஸ்கேன் நன்றாக இருந்தால் மனசு லேசாகும், சரிதான், ஆனால் மதுவால் மூளைக்கு வரும் நுட்பமான பாதிப்பு ஸ்கேனிலும் தெரியாது, ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. அதனால்தான் நீங்கள் வாய் திறந்து சொல்வது அவ்வளவு முக்கியம், பிள்ளை பிறந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்று மருத்துவருக்கு அதிலிருந்துதான் தெரியவரும்.

உள்ளே என்னதான் நடக்கிறது? அம்மாவின் ரத்தத்தில் இருக்கும் மது நஞ்சுக்கொடியைத் தடையில்லாமல் தாண்டி, கொஞ்ச நேரத்திலேயே பிள்ளையின் ரத்தத்திலும் ஏறக்குறைய அதே அளவுக்கு ஏறிவிடும். பெரியவர்களின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும், பிள்ளையின் கல்லீரலுக்கு அந்தச் சக்தி இன்னும் வரவில்லை. பனிக்குட நீரிலும் மது தங்கும், அந்த நீரைத்தான் பிள்ளை திரும்பத் திரும்ப விழுங்குகிறது. வளரும் மூளையில் நரம்பு செல்கள் உள்பக்கம் பிறந்து தத்தம் இடத்துக்கு நகர்ந்து போக வேண்டும். மது சில செல்களைக் கொன்றுவிடுகிறது, சிலதைத் தப்பான இடத்தில் நிறுத்திவிடுகிறது. மூளையின் இரண்டு பாதியையும் இணைக்கும் நரம்புப் பட்டை, உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமூளை, நினைவைப் பதியவைக்கும் பகுதி, யோசித்து முடிவெடுக்கும் முன்பகுதி எல்லாமே இதில் அடிபடலாம்.

1968-ல் பிரான்சில் பால் லெமுவான் என்ற மருத்துவர், அம்மா குடிப்பதால் பிள்ளைக்கு வரும் இந்தப் பாதிப்பைப் பற்றி எழுதினார், அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1973-ல் அமெரிக்காவில் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் பள்ளம் இல்லாமல் வழவழப்பாக இருப்பது, மேலுதடு மெலிந்திருப்பது, கண் சிறுத்திருப்பது இதன் முக அடையாளங்கள். முகம் உருவாகும் அந்தச் சில வாரங்களில் குடித்திருந்தால்தான் இவை வரும், அதனால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முகம் சாதாரணமாகத்தான் இருக்கும்.

இப்போது வீட்டுப் பெரியவர்கள் விஷயம். மார்கழிக் குளிரில் மலைமேல் சளி பிடித்தால், "ஒரு மூடி பிராந்தி குடி கண்ணு, ஒன்னும் ஆகாது" என்று பாசமாகத்தான் சொல்வார்கள். சண்டை போட வேண்டாம். "டாக்டர் ஒரு சொட்டுகூட வேண்டாம்னுட்டாங்க அத்தை" என்று சொல்லிவிட்டு மிளகு ரசமோ சுக்குக் காப்பியோ கேளுங்கள். கர்ப்பத்தில் இவ்வளவு குடித்தால் பாதகமில்லை என்று ஒரு அளவே கிடையாது. பீர் லேசானது என்பதும் வெறும் நம்பிக்கைதான். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 52 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது, 90 மில்லி பிராந்தியில் 40 மில்லிகூட இல்லை. வைனுக்கும் கள்ளுக்கும் இதே கதைதான். அரிஷ்டத்தையும் கவனியுங்கள். தசமூலாரிஷ்டம் மாதிரியானவை புளிக்கவைத்துச் செய்பவை, பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும், பலதில் 5 முதல் 10 வரை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

வீட்டுக்காரர் குடிப்பது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகாது, உண்மைதான். ஆனால் கண் முன்னால் தினமும் பாட்டிலைத் திறந்துகொண்டே மனைவியை மட்டும் நிறுத்தச் சொன்னால் அது நடக்கிற காரியமா? இந்த ஒன்பது மாதம் அவரும் சேர்ந்து விடட்டும்.

தினமும் குடிக்கும் பழக்கம் உள்ளவர் மட்டும் வீட்டில் சட்டென்று நிறுத்தக் கூடாது, இதை அழுத்தமாகச் சொல்கிறேன். கை நடுக்கம், வியர்வை, வாந்தி என்று ஆரம்பித்து வலிப்பு வரை போகலாம், அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. சேலம் ஜி.எச். மாதிரி மனநலப் பிரிவும் பிரசவப் பிரிவும் ஒரே இடத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே மருந்து கொடுத்துக் கண்காணித்துப் படிப்படியாக விடவைப்பார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணுக்கு அடியுங்கள். மனசு விட்டுப் பேச வேண்டுமென்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண், அதுவும் இலவசம்தான். திட்டிய ஆளிடம் அடுத்த தடவை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், கூட இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை வளர்ந்து பள்ளிக்குப் போன பிறகுதான் பல வீடுகளில் மதுவால் மூளைக்கு வந்த பாதிப்பு வெளியே தெரியவருகிறது. நேற்று நன்றாகச் சொன்ன வாய்ப்பாடு இன்று சுத்தமாக மறந்திருக்கும். காசுக் கணக்கு, மணி பார்ப்பது பிடிபடாது. ஒரு தப்புக்குப் பத்து தடவை அடி வாங்கினாலும் பதினோராவது தடவையும் அதையே செய்யும், அதைத் திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். "கடைக்குப் போய் பால் பாக்கெட் வாங்கு, மீதிக் காசை எண்ணி வாங்கு, வரும்போது தங்கச்சியைக் கூட்டிட்டு வா" என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அந்தப் பிள்ளை பாதி வழியில் நின்றுவிடும். ஒரு நேரத்தில் ஒரு வேலை, தினமும் அதே வார்த்தையில். பல் தேய்ப்பது, குளிப்பது, பை எடுப்பது என்று படம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். சத்தமான இடத்தில் உட்கார்த்திப் பாடம் சொல்லித்தராதீர்கள். வகுப்பில் முன் வரிசையில் உட்காரவைக்கச் சொல்லி டீச்சரிடம் கேளுங்கள்.

இதை முழுசாகக் குணப்படுத்த மருந்து கிடையாது, ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்துப் பயிற்சி கொடுத்த பிள்ளைகள் நன்றாகவே தேறுகிறார்கள். குழந்தை மருத்துவரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், "இவன் வயிற்றில் இருந்தபோது இந்த மாதங்களில் குடித்தேன்" என்று சொல்லி ஃபைலில் எழுதவையுங்கள். அது இல்லாவிட்டால் வெறும் துறுதுறுப்பு, கவனக்குறைவு என்று மட்டும் எழுதி அனுப்பிவிட வாய்ப்பு அதிகம், பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சி கிடைக்காமலே போய்விடும்.