பிரிட்டனில் உளவியல், நரம்பறிவியல் ஆய்வு வேலை: புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் படித்துவிட்டு இங்கே வந்திறங்கும் பலர் முதல் வேலையாகக் கண்ணில் பட்ட பேராசிரியர்களுக்கெல்லாம் ஒரே மெயிலைத் தட்டிவிடுகிறார்கள். பதில் வருவது அபூர்வம். ரிசர்ச் அசிஸ்டன்ட் (ஆய்வு உதவியாளர்) சம்பளம் பெரும்பாலும் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில், வெல்கம் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் கொடுக்கும் நிதியிலிருந்து வருகிறது. நிதி வந்தால்தான் பணியிடம். ஆள் எடுப்பதும் பொதுவாக விளம்பரம் கொடுத்துத்தான். சிபாரிசு இங்கே அதிக தூரம் போகாது.

அந்த விளம்பரங்களில் பெரும்பாலானவை ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யூகே தளத்தில் வரும். லண்டன் டென்மார்க் ஹில்லில் உள்ள கிங்ஸ் கல்லூரியின் மனநல, உளவியல், நரம்பறிவியல் நிறுவனம், யூசிஎல்லின் (யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன்) குயின் ஸ்கொயர் நரம்பியல் நிறுவனம், கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட், கார்டிஃப் ஆகியவற்றின் சொந்தப் பக்கங்களையும் வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். விளம்பரத்தின் அடியில் விவரம் கேட்க ஒருவரின் பெயர் இருக்கும். மெயில் போட வேண்டிய ஆள் அவர்தான்.

வேலை கிடைப்பதும் கைநழுவுவதும் 'பெர்சன் ஸ்பெசிஃபிகேஷன்' என்ற தகுதிப் பட்டியலில்தான். அவசியமானவை, இருந்தால் நல்லது என்று இரண்டு பகுதி இருக்கும். தேர்வுக் குழு அதைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாக மதிப்பெண் போடும். 'பங்கேற்பாளர்களிடம் தரவு திரட்டிய அனுபவம்' என்று கேட்டிருந்தால், 'கடினமாக உழைப்பேன்' என்பதற்கு மதிப்பெண் இல்லை. 'எம்.எஸ்ஸி ஆய்வுக்காக 40 முதியவர்களுக்கு ஸ்ட்ரூப் என்ற கவனச் சோதனை நடத்தினேன், ஒப்புதல் படிவம் வாங்கினேன், தரவை ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் அலசினேன்' என்பதற்கு உண்டு. அவர்களுடைய வரியையே தலைப்பாக்கி, கீழே உங்கள் ஆதாரத்தை எழுதுங்கள். பழைய சிவியைத் தூசிதட்டி அனுப்புவது வீண்.

மூளை ஸ்கேன் அனுபவம் இல்லையா? ஓப்பன்நியூரோ என்ற தளத்தில் மூளை ஸ்கேன் தரவு இலவசமாகக் கிடக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் உருவான எஃப்எஸ்எல் என்ற மூளை ஸ்கேன் மென்பொருளால் அதை அலசி, நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் போட்டு, விண்ணப்பத்தில் சுட்டி கொடுங்கள். சம்பளமில்லாமல் மாதக்கணக்கில் லேபில் உழைப்பதைவிட இது மேல் என்பது என் கட்சி.

தமிழ் தெரியும் என்பதையும் மறைக்காதீர்கள். லண்டன் தெற்காசிய முதியவர்களைச் சேர்க்கும் ஆய்வுக்கு ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ ஒரு அம்மாவிடம் தமிழில் பேசிப் புரியவைக்கத் தெரிந்த ஆள் பெரிய வரவு.

விசா விஷயம்: மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிப்பவர்களுக்குப் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். இங்கே படித்து முடித்தவர்களுக்குக் கிராஜுவேட் விசா இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பித்தால் 18 மாதம், பிஎச்.டி முடித்தவர்களுக்கு மட்டும் எப்போது விண்ணப்பித்தாலும் மூன்று ஆண்டு. வேலை விசாவுக்குப் பல்கலைக்கழகம் ஸ்பான்சர் செய்யுமா என்று விண்ணப்பிக்கும் முன்பே எச்ஆரிடம் கேட்டுவிடுங்கள்.

நோயாளிகளோடு பழகும் வேலை என்றால் டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. ஊர்ப் போலீஸ் சான்றிதழும் கேட்கக்கூடும். முடிந்தால் கிளம்பும் முன்பே வாங்கி வையுங்கள்.

நேர்காணலில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: 'சோதனை நடுவே ஒருவர் அழுதால் என்ன செய்வீர்கள்?' ஆறுதல் மட்டும் போதாது. சோதனையை நிறுத்துவேன், தொடர விருப்பமா என்று கேட்பேன், திட்டத் தலைவருக்குத் தெரிவித்துப் பதிவு செய்வேன் என்று வரிசையாகச் சொல்லுங்கள். வேலை கிடைக்காமல் போனால், எந்த வரியில் மதிப்பெண் குறைந்தது என்று கேட்டு மெயில் போடலாம். பல குழுக்கள் சொல்வார்கள்.